உலைக்கும் உறைவிடத்துக்கும் நடுவே

பழைய கன்டெய்னர் ஒன்று பட்டறைக்குள் வந்ததும் அதன் எண்ணைத்தான் முதலில் அழிக்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு எழுத்துகள், அதையடுத்து ஆறு இலக்கங்கள், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு சரிபார்ப்பு இலக்கம். எழுத்துகளில் முதல் மூன்று உரிமையாளரைக் குறிக்கும். அந்தக் குறியீடுகளைப் பதிந்து வைக்கும் அமைப்பு 1933-இல் பாரிஸில் தொடங்கப்பட்டது. பெட்டி கடலை விட்டு விலகிவிட்டால் அந்த எண் அதற்குச் சொந்தமில்லை. கிரைண்டர் வைத்துத் தேய்க்கிறார்கள், ரெட் ஆக்சைடு பூசுகிறார்கள், மேலே நீலமோ வெள்ளையோ அடிக்கிறார்கள். உலகம் சுற்றிய பெட்டி அன்றைக்குத் திருவள்ளூர் மாவட்டத்துக்காரனாகிவிடுகிறது.

திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பஞ்செட்டி போகும் டி.பி.பி. ரோடு, மாதவரம், செங்குன்றம், அங்கிருந்து தச்சூர் கூட்டுச் சாலை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று நீளும் ஜி.என்.டி. சாலை. இந்த வட்டாரத்தில் பழைய பெட்டிகள் அலுவலகமாக, காவலாளி அறையாக, டீக்கடையாக, கட்டுமானத் தொழிலாளர் படுக்கும் இடமாக நிற்பதைப் பார்க்கலாம். இவற்றை வாங்கி, பழுது பார்த்து, விற்கவோ வாடகைக்கு விடவோ செய்வது இன்று ஒரு முழுத் தொழில். அமெரிக்காவில் பழைய மொபைல் ஹோம்களை வாங்கிச் சரிசெய்து வாடகைக்கு விடுவதை ஒரு முதலீடாகவே செய்கிறார்கள். சக்கரத்தின் மேல் வரும் வீடு என்பது நமக்குப் பழக்கமில்லாதது. நமக்கு வாய்த்தது டிரெய்லர் மேல் வரும் பெட்டி.

பெட்டிக்குள் பிழைப்பு நடத்துவது மட்டும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நான்கு கால் நட்டு, பலகையோ தகரமோ அடித்து, சாலையை அகலப்படுத்த வந்தால் தூக்கி அடுத்த முனையில் வைத்துவிடும் பெட்டிக்கடை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு அது பங்க் கடை. கடலிலிருந்து வந்த இரும்புப் பெட்டியையும் துறைமுக ஆட்கள் ‘பெட்டி’ என்றே சொல்கிறார்கள். இருபதடிப் பெட்டி, நாற்பதடிப் பெட்டி, காலிப் பெட்டி.

அந்த இரும்புப் பெட்டியின் வரலாறே ஒரு பழைய பொருளைப் பழுது பார்த்ததில்தான் தொடங்குகிறது. வட கரோலினாவைச் சேர்ந்த லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன், இரண்டாம் உலகப் போர்க்கால எண்ணெய்க் கப்பல் ஒன்றை வாங்கி, அதன் மேல்தளத்தை மாற்றிக் கட்டினார். ஐடியல் எக்ஸ் என்ற அந்தக் கப்பல் 1956 ஏப்ரல் 26 அன்று நியூவார்க்கிலிருந்து 58 பெட்டிகளுடன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இந்தியாவுக்குக் கன்டெய்னர் வர மேலும் 17 ஆண்டுகள் ஆயின. 1973 நவம்பரில் பிரெசிடென்ட் டைலர் என்ற கப்பல் கொச்சியில் கன்டெய்னர் இறக்கியதுதான் இங்கே முதல் வரவு. அதற்குப் பத்தாண்டு கழித்து, 1983 டிசம்பர் 18 அன்று, சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையத்தைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்து வைத்தார்.

முனையம் வந்தது. ஆனால் சென்னைத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது ஜார்ஜ் டவுனும் ராயபுரமும். பெட்டிகளை அடுக்க அங்கே இடமேது? சுங்கச் சோதனை, சரக்கு இறக்குதல், காலிப் பெட்டி சேமிப்பு ஆகிய வேலைகள் மெல்ல வடக்கே நகர்ந்தன. மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் சரக்கு நிலையங்கள் எழுந்தன. 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயல்படத் தொடங்கியபோது, கடற்கரையை ஒட்டிய இந்தப் பகுதி முழுவதும் பெட்டிகளின் ஊராகிவிட்டது. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நின்ற காலம் வடசென்னைக்காரர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். துறைமுகக் கதவுக்குள் நுழைய டிரைவர்கள் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தூக்கம், சாப்பாடு எல்லாமே அந்த வரிசையில்தான்.

பெட்டிக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலைகளும் வந்தன. தமிழ்நாடு அரசு 1971-இல் தொடங்கிய தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட், ராணிப்பேட்டைக்குப் பிறகு கைவைத்த தொடக்ககால இடங்களில் கும்மிடிப்பூண்டியும் ஒன்று. ஆந்திர எல்லை அருகில், தேசிய நெடுஞ்சாலை பக்கத்தில், கல்கத்தா செல்லும் ரயில் பாதை ஊருக்குள்ளேயே. இரும்புக் கழிவை உருக்கிக் கட்டுமானக் கம்பி வார்க்கும் ஆலைகள் இங்கே கூடின. அத்திப்பட்டு அருகே வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. பிறகு வல்லூர் அனல்மின் நிலையம், துறைமுக விரிவாக்கங்கள், தேர்வாய் கண்டிகை சிப்காட், வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரையிலான வெளிவட்டச் சாலை. ஒரு வேலை முடிவதற்குள் பக்கத்தில் இன்னொன்று தொடங்கிவிடும்.

இவற்றைக் கட்டியவர்கள் எங்கே தூங்கினார்கள்?

சட்டத்தில் இதற்குப் பதில் இருந்தது. வெளிமாநிலத் தொழிலாளர்களை அழைத்து வரும் ஒப்பந்தக்காரர் அவர்களுக்குத் தகுந்த குடியிருப்பு தர வேண்டும் என்றது 1979-ஆம் ஆண்டுச் சட்டம். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் விவரமாகப் பேசியது. அதன் 34-ஆம் பிரிவின்படி, வேலை நடக்கும் காலம் வரைக்கும் தொழிலாளர்களுக்குக் கட்டணமின்றித் தற்காலிகக் குடியிருப்பு தர வேண்டும். சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்குத் தனித்தனி இடம் வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கூடாரங்களை அகற்றி, நிலத்தைப் பழையபடி ஒப்படைக்க வேண்டும். இவ்விரண்டு சட்டங்களும் பின்னர் 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டன.

‘தற்காலிகம்’ என்ற சொல் சட்டத்தில் ஒரு கட்டட வேலையின் ஆயுளைக் குறித்தது. எண்ணூர் முதல் எளாவூர் வரை அது ஒரு மனிதரின் பாதி ஆயுளாக மாறியது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் மின்நிலையத் தளத்திலிருந்து துறைமுகத் தளத்துக்கும், அங்கிருந்து சாலைத் தளத்துக்கும் மாறினார். தகரக் கொட்டகை, தார்ப்பாய்க் குடிசை, ஹாலோ பிளாக் அடுக்கிச் சிமென்ட் பூசாத அறை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு தற்காலிகம் காத்திருந்தது.

2014 ஜூலை 6 அதிகாலை, செங்குன்றம் அருகே எடப்பாளையத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அங்கே ஒரு தனியார் கிடங்கின் உயரமான சுற்றுச்சுவர் இடிந்து, அதை ஒட்டிப் போட்டிருந்த குடிசைகள் மேல் விழுந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 11 பேர் இறந்தார்கள். ஆந்திரத்தின் வடகோடி மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டு அப்போது எட்டு நாள்தான் ஆகியிருந்தது. மாநிலத்தின் கவனம் அங்கேயே இருந்ததால் எடப்பாளையம் சீக்கிரம் மறக்கப்பட்டது. மறந்திருக்கக் கூடாது. பொருள்களைப் பத்திரமாக வைக்கக் கட்டிய இடத்தின் சுவர், கட்டட வேலைக்கு வந்தவர்கள் மேலேயே விழுந்தது. பெட்டிக்கும் குடிசைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு விபத்து சொல்லிவிடும். கப்பலில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாலும் நசுங்காதபடி செய்யப்பட்டது கன்டெய்னர். குடிசைக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை.

பெட்டியைத் தங்குமிடமாக்கும் யோசனை வெளிநாடுகளில் முன்பே இருந்தது. பிலிப் கிளார்க் என்ற அமெரிக்கர், இரும்புக் கன்டெய்னர்களைக் குடியிருக்கும் கட்டடமாக மாற்றும் முறைக்கு 1987-இல் விண்ணப்பித்து 1989-இல் காப்புரிமை பெற்றார். 2001-இல் லண்டனின் பழைய கப்பல் துறைப் பகுதியில் கன்டெய்னர் சிட்டி எழுந்தது. சில ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாம் கீட்வோனனில் ஆயிரம் மாணவர் அறைகள் பெட்டி வடிவில் அடுக்கப்பட்டன. அங்கெல்லாம் கட்டடக் கலைஞர்கள் வரைபடத்தோடு வந்தார்கள். மணலியிலும் மாதவரத்திலும் வெல்டர்கள் வந்தார்கள். கன்டெய்னருக்கு ஒட்டுப் போட்டுப் பழகிய கைகள் அவர்களுடையவை. கப்பல் நிறுவனத்துக்காக ஓட்டை அடைத்தவர்களுக்கு, ஜன்னலுக்காக ஓட்டை போடுவது பெரிய வித்தையில்லை.

ஒரு பெட்டி கடலில் ஏறத்தாழ 12 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். அதற்குப் பிறகு திரும்ப அனுப்பும் செலவைவிட இருக்கும் இடத்தில் விற்பது லாபம் என்று கப்பல் நிறுவனமோ குத்தகை நிறுவனமோ முடிவு செய்யும். இங்கேதான் முதல் சிக்கல். வெளிநாட்டுக் கன்டெய்னர் இந்தியாவுக்குள் வரும்போது சுங்கவரி கட்டுவதில்லை. ஆறு மாதத்துக்குள் திரும்ப வெளியே போய்விடும் என்ற உறுதியின் பேரில்தான் உள்ளே விடுகிறார்கள். 1994-ஆம் ஆண்டுச் சுங்க அறிவிக்கை சொல்வது அதுதான். அந்தப் பெட்டியை உள்ளூரில் விற்றால் அது இறக்குமதிப் பொருளாகிறது, வரி கட்ட வேண்டும். விலை குறைவு என்று, வரி கட்டியதற்கான காகிதம் இல்லாத பெட்டியை வாங்குபவர், பெட்டியோடு ஒரு வழக்கையும் சேர்த்து வாங்குகிறார்.

அடுத்தது விலைக் கணக்கு. இருபதடிப் பெட்டியின் வெறும் எடை சுமார் 2,200 கிலோ. தரையில் இருக்கும் 28 மில்லிமீட்டர் பிளைவுட்டைக் கழித்தால் ஏறக்குறைய 1,900 கிலோ இரும்பு தேறும். கழிவு இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 57,000 ரூபாய். உருக்கு உலைகள் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கின்றன. காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்கத் தயாராக நிற்கிறார். ஆகவே எவ்வளவு நொறுங்கிய பெட்டிக்கும் ஒரு கடைசி விலை உண்டு. அதற்குக் கீழே அது போகாது. வாங்குபவரின் துணிச்சலுக்கு அடித்தளம் இந்தக் கடைசி விலைதான். ஒரு பக்கம் உலை, மறுபக்கம் குடியிருக்க வருபவர். நடுவில் பட்டறை.

மேல் விலையைத் தீர்மானிப்பது கடல். 2020-ஆம் ஆண்டின் கடைசியிலும் 2021-இலும் தொற்றுக்காலக் குழப்பத்தில் உலகெங்கும் காலிப் பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்தது. ஏற்றுமதியாளர்கள் பெட்டி கிடைக்காமல் தவித்தார்கள். சரக்கே ஏற்ற முடியாத நேரத்தில், ஓடும் நிலையில் உள்ள பெட்டியை வீட்டுக்கு விற்க யாருக்கு மனம் வரும்? புதுப் பெட்டிகளில் பெரும்பங்கைச் சீனாதான் செய்கிறது. அங்கே ஓர் ஆலை வேகம் குறைந்தால் மணலிப் பட்டறையில் பழைய பெட்டியின் விலை ஏறும்.

வாங்கப் போகிறவர்கள் செய்யும் சோதனை எளிது. உள்ளே போய் இரண்டு கதவுகளையும் சாத்திக்கொண்டு இருட்டில் நிற்க வேண்டும். ஊசிமுனை வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே மழைத் தண்ணீர் வரும். கூரையில் குழி இருக்கிறதா, அடியில் குறுக்குச் சட்டங்கள் துருவேறி உதிர்கின்றனவா, நான்கு மூலை வார்ப்புகளும் நேராக நிற்கின்றனவா, கதவு ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கன்டெய்னர் இரும்பு கார்டென் வகையைச் சேர்ந்தது. மேலே படியும் துருவே உள்ளிரும்புக்குக் காப்பாக நிற்கும். ஆனால் உப்புக்காற்றும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்தால் அதுவும் தோற்கும்.

முக்கியமான சோதனை கண்ணுக்குத் தெரியாதது. இதற்குமுன் இந்தப் பெட்டி எதைச் சுமந்தது? 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய பிறகுதான், மணலியில் ஒரு கன்டெய்னர் நிலையத்தில் 37 பெட்டிகளில் 697 டன் அமோனியம் நைட்ரேட் சில ஆண்டுகளாகக் கிடந்தது ஊருக்குத் தெரிந்தது. சுங்கத்துறை பறிமுதல் செய்து வைத்திருந்த அந்தச் சரக்கு அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. எல்லாப் பெட்டியும் அப்படியில்லை. ஆயினும் ரசாயனம் கசிந்த தரை, பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய பிளைவுட் ஆகியவற்றின் மேல் மனிதர் பாய் விரித்துப் படுக்கப் போகிறார். பழைய தரையைப் பெயர்த்துப் புதிது போடுவது, அல்லது எபாக்சி பூசி மூடுவது, செலவைக் கூட்டும். அந்தச் செலவைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

பிறகுதான் கட்டிங். நெளிவுத் தகட்டை வெட்டி ஜன்னல் எடுத்தால் சுவர் வலுவிழக்கும். வெட்டிய இடத்தைச் சுற்றி ஸ்கொயர் டியூப் சட்டம் வைத்து வெல்டிங் அடித்தால்தான் பலம் திரும்பும். உள்ளே சட்டம் கட்டி கிளாஸ்வூல் அல்லது ராக்வூல் திணித்து, மேலே பலகையோ பி.வி.சி. பேனலோ அடிப்பார்கள். கறி, மீன், மருந்து ஏற்றும் ரீஃபர் பெட்டி கிடைத்தால் பாதி வேலை மிச்சம். அதன் சுவருக்குள் குளிர்காக்கும் நுரை ஏற்கனவே இருக்கிறது. மின்சாரத்தில்தான் கஞ்சத்தனம் கூடவே கூடாது. முழு அறையும் இரும்பு என்பதால் ஒரு வயர் கசிந்தால் கதவைத் தொடுபவருக்கும் அடிக்கும். சரியான எர்த்திங்கும் கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் இல்லாத பெட்டி, மழைக்காலத்தில் ஒரு பொறி.

சித்திரை வெயிலுக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்தில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. காப்பு இல்லாத இரும்புப் பெட்டி அப்போது வெளிக்காற்றைவிடச் சூடாகிவிடும். பகலில் குடித்த வெப்பத்தை இரவில் உள்ளே இறக்கும். நல்ல பட்டறைகள் மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு தகரக் கூரை போடச் சொல்லும். காற்று நடுவில் ஓடும், வெயில் நேரே விழாது. ஓலை வீட்டில் பிறந்த யாருக்கும் புரியக்கூடிய பாடம் இது.

இங்கே ஓர் அளவுக்கணக்கைப் பார்ப்பது நல்லது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி மனிதர் வசிக்கும் அறைக்குக் குறைந்தது 2.75 மீட்டர் உயரமும் 2.4 மீட்டர் அகலமும் வேண்டும். சாதாரணக் கன்டெய்னரின் உள்ளுயரம் 2.39 மீட்டர், உள்ளகலம் 2.35 மீட்டர். காப்பும் பலகையும் அடித்தால் இன்னும் குறையும். உயரத்தில் 36 சென்டிமீட்டர், அகலத்தில் 5 சென்டிமீட்டர் போதவில்லை. அந்த அறைக்குள் அடுக்குக் கட்டில் போட்டு ஆறு பேர், எட்டுப் பேர் என்று நிரப்பும்போது மேல் கட்டில்காரரின் முகத்துக்கும் கூரைக்கும் இடையே ஒரு முழம்கூட மிஞ்சுவதில்லை.

ஒவ்வொரு கன்டெய்னரின் கதவிலும் ஓர் உலோகப் பட்டயம் இருக்கும். 1972-ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி பொருத்தப்படுவது. எவ்வளவு எடை தாங்கும், மேலே எவ்வளவு அடுக்கலாம், எப்போது செய்யப்பட்டது என்று அதில் பொறித்திருக்கும். உள்ளே வைக்கும் சரக்குக்கு உலகமே சேர்ந்து கொடுத்த வாக்குறுதி அது. அமெரிக்காவில் 1976-இல் மொபைல் ஹோம்களுக்குக் கூட்டாட்சித் தரவிதி வந்தபிறகு, தொழிற்சாலையில் செய்த ஒவ்வொரு வீட்டிலும் அப்படியொரு பட்டயம் பொருத்தப்படுகிறது. பழையதை வாங்குபவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். நம் ஊரில் பெட்டிக்குள் மனிதர் குடியேறும்போது சரக்குக்கான பட்டயம் கழற்றப்படுகிறது. அந்த இடத்தில் வேறொன்று வருவதில்லை. இந்தத் தொழிலின் குறை பெட்டியிலோ வெல்டரிடமோ இல்லை. எந்த அளவுக்குப் பழுது பார்த்தால் அது மனிதர் தங்கத் தகும் என்று சொல்லும் ஒரு தகடு இல்லாததில் இருக்கிறது.

முதலீடு என்று இறங்குபவர்கள் இதை வீட்டுக் கணக்காகப் பார்த்தால் ஏமாறுவார்கள். வீட்டின் விலையை உயர்த்துவது அதன் கீழிருக்கும் நிலம். பெட்டிக்கு நிலமும் இல்லை, பட்டாவும் இல்லை. இது லாரிக் கணக்கு. ஓடினால் வருமானம், நின்றால் நஷ்டம், ஆண்டுக்காண்டு மதிப்புக் குறையும். ஒவ்வொரு முறை இடம் மாற்றவும் டிரெய்லர் வாடகை, ஏற்ற ஒரு ஹைட்ரா கிரேன், இறக்க ஒரு ஹைட்ரா. ஒன்றரை ஆண்டு வேலைக்கு ஒப்பந்தக்காரர் சொந்தமாக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதை விரும்புவார் என்பதால் சந்தை நிற்கிறது. லாரி, கிரேன், கிளியரிங் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பக்கத்து வீட்டுத் தொழில்போல. வாடகை தராமல் பெட்டி சும்மா நிற்கும் மாதங்களையும் சேர்த்துக் கணக்குப் போடத் தெரிந்தவர்களே இதில் நிலைத்திருக்கிறார்கள்.

2020 ஊரடங்கில் அந்தச் சும்மா நிற்கும் மாதங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்தன. வேலைத்தளங்கள் அடைபட்டன. ஊருக்குப் போக ரயில் கிடைக்காதவர்கள் கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர எல்லையை நோக்கி நடந்தார்கள். இத்தனை பேர் இத்தனை காலம் இங்கே இருந்தார்கள் என்பதையே பலர் அவர்கள் கிளம்பியபோதுதான் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில், பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கி மின்னணு ஆலையில் வேலை செய்த பெண்கள், விடுதி உணவால் உடல்நலம் கெட்டதை எதிர்த்துச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். தொழிலாளர் தங்குமிடம் என்பது அரசு பேச வேண்டிய விஷயமானது. 2024 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. கட்டட விதிப்படி எழுந்த அறைகள் அவை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உலைகளிலும் சாலைத் தளங்களிலும் வேலை செய்பவர்களுக்கு அந்த அளவில் இன்னும் ஒன்று வேண்டும்.

பெட்டித் தொழிலும் மாறிக்கொண்டிருக்கிறது. புதிதாகச் செய்யும் போர்ட்டா கேபின்கள், நுரை அடைத்த பேனல் சுவர்களோடு, பழைய கன்டெய்னருக்குப் போட்டியாக வந்துவிட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் 2018-இல் தொடங்கிய மாடுலஸ் ஹவுசிங் நிறுவனம் மடித்து எடுத்துச் செல்லும் அறைகளைச் செய்து, தொற்றுக்காலத்தில் அவற்றை மருத்துவமனைகளாக நிறுத்தியது. அதன் நிறுவனர்களுக்கு இந்த யோசனை வந்தது 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு. அளவு, காப்பு, காற்று, வெளிச்சம் எல்லாவற்றையும் முதலிலேயே மனிதருக்காக யோசித்துச் செய்தால் பெட்டி எப்படியிருக்கும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் வரை 133 கிலோமீட்டர் நீளச் சுற்றுவட்டச் சாலை இப்போது உருவாகி வருகிறது. இப்படியொரு சாலை போடும்போது பகுதி பகுதியாகத்தான் வேலை முடியும். முடிந்த இடத்துக்கு ஒரு காலையில் ஹைட்ரா வரும். மூலை வார்ப்புகளில் கொக்கி மாட்டுவார்கள். கட்டில்கள், மின்விசிறிகள், சுவரில் யாரோ ஒட்டிய ஜகந்நாதர் படம், துணி காயப்போட அடித்த ஆணிகள் எல்லாவற்றோடும் பெட்டி தரையைவிட்டு எழும்பும். கீழே நான்கு சிமென்ட் திட்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றையும் பெயர்த்தெடுத்து நிலத்தைப் பழையபடி ஒப்படைக்கச் சொல்கிறது சட்டம். டிரெய்லர் டி.பி.பி. ரோட்டில் திரும்பிப் பட்டறைக்குள் நுழையும். அங்கே ஒருவர் உள்ளே போய்க் கதவுகளைச் சாத்திக்கொண்டு இருட்டில் நின்று, எங்கே வெளிச்சம் வருகிறது என்று பார்ப்பார்.